‘படிக்கமாட்டான்’ என்பதா? ‘படிக்க முடியவில்லை’ என்பதா?

பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து மதிப்பெண் அட்டையைக் காட்டும் நாளன்று, ஆசிரியரின் மேசை முன்னால் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல் ஒன்று உண்டு. “வாயால் கேட்டால் ஒப்புவிக்கிறான், டீச்சர், எழுதச் சொன்னால்தான் மாட்டேன் என்கிறான்” என்பார் தாய். “மூளை இல்லாமல் இல்லையம்மா, முயற்சிதான் இல்லை. வீட்டில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்” என்பார் ஆசிரியை. இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அருகே தலைகுனிந்து நிற்கும் சிறுவனை எவரும் ஒன்றும் கேட்பதில்லை.

‘மாட்டேன்’ என்பது மனத்தைச் சார்ந்த சொல். ‘முடியவில்லை’ என்பது ஆற்றலைச் சார்ந்த சொல். மனமில்லாதவனைத் திருத்தக் கண்டிப்பு ஓரளவு உதவலாம். ஆற்றலில் தடையுள்ளவனைக் கண்டிப்பதோ, கால் முறிந்தவனை ஓடச் சொல்லிப் பிரம்பெடுப்பதற்கு ஒப்பாகும். கால் முறிவு கண்ணுக்குத் தெரிகிறது. மூளையின் உள்ளே இருக்கும் தடை தெரிவதில்லை. ஆதலால்தான் அன்புள்ள பெற்றோரும் கடமை தவறாத ஆசிரியரும்கூட இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது. எவ்வளவோ கூர்மையான பிள்ளைகள், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று தம்மைத் தாமே தீர்ப்பிட்டுக்கொண்டு பள்ளியை விட்டு நீங்கியிருக்கின்றனர். இவர்களை எவ்வாறு இனங்கண்டு கொள்வது, பள்ளியிலும் வீட்டிலும் எவ்வாறு தாங்கிப் பிடிப்பது என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

தன் பெயரையே தவறாக எழுதிய சிறுவன்

இது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுநோய் என்று எண்ணுவோர் உண்டு. 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அது பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றியது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கண்பார்வையில் குறையில்லை. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பயின்றும் அவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். அதில் பிழையிருப்பதைப் பலமுறை சுட்டிக்காட்டிய பின்னரே உணர்ந்தான். ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாய் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மருத்துவர் பதிவு செய்துள்ளார்.

பெர்சிக்கு இருந்ததைத்தான் இன்று ‘டிஸ்லெக்ஸியா’ என்கிறோம். எழுதுவதில் வரும் தடை ‘டிஸ்கிராஃபியா’ என்றும், எண்களைக் கையாள்வதில் வரும் தடை ‘டிஸ்கால்குலியா’ என்றும் வழங்கப்பெறுகின்றன. இம்மூன்றையும் சேர்த்துக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பர். ‘குறிப்பிட்ட’ என்னும் அடைமொழியை நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். அறிவு முழுவதிலும் குறையில்லை. குறிப்பிட்ட ஒரு துறையில் மட்டுமே தடை என்பது அதன் பொருள். நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இத்தடை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வாறாயின் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பெர்சிகள் அமர்ந்திருக்கின்றனர் என்றாகிறது.

பேச்சு இயற்கை, எழுத்து பயிற்சி

பேச்சை எந்தக் குழந்தைக்கும் பாடம் நடத்திக் கற்பிக்க வேண்டுவதில்லை. பேசுவோர் நடுவே வளரும் பிள்ளை தானே பேசக் கற்கிறது. எழுத்து அத்தகையதன்று. மனித இனம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கென்று ஓர் உறுப்போடு எவரும் பிறப்பதில்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உரிய மூளைப் பகுதிகளைப் புதிதாக ஒன்றோடொன்று இணைத்துத்தான் ஒவ்வொரு குழந்தையும் படிக்கக் கற்கிறது. சிலருக்கு அந்த இணைப்பு எளிதில் அமைகிறது. சிலருக்கு நெடுநாள் பயிற்சி தேவைப்படுகிறது. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், அவ்வொலிகளை எழுத்துகளோடு பொருத்துவதுமே டிஸ்லெக்ஸியா உள்ள பெரும்பாலோர்க்குக் கடினமாயிருக்கின்றன. இது கண்ணின் கோளாறும் அன்று. வளர்ப்பின் கோளாறும் அன்று.

இத்தன்மை குடும்பவழி வருவது. “நானும் சிறுவயதில் இப்படித்தான், அடித்து அடித்துத்தான் என்னை எட்டாவது வரை தள்ளினார்கள்” என்று சில தந்தையர் கூறக் கேட்கிறோம். அவர்கள் அதைத் தம் பிள்ளையை அடிப்பதற்குரிய நியாயமாகச் சொல்கின்றனர். உண்மையில் அது மருத்துவர் அறிய வேண்டிய மிக முக்கியமான செய்தியாகும். அத்தந்தைக்கும் அன்று தேவைப்பட்டது வேறு உதவி. அது அவருக்குக் கிட்டவில்லை.

தமிழில் எவ்வாறு தெரியும்?

“ஆங்கிலத்தில்தான் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு, தமிழ் எழுதியபடியே படிக்கும் மொழி, இதில் ஏன் தடுமாற வேண்டும்?” என்று கேட்பவர் உளர். எழுத்துக்கும் ஒலிக்கும் இசைவு மிகுந்த மொழிகளில் பிழைகள் குறையலாம். ஆனால் தயங்கித் தயங்கி மிக மெதுவாகப் படிக்கும் நிலை நீங்குவதில்லை. தமிழுக்கும் தனக்கேயுரிய மேடுபள்ளங்கள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளைப் பிள்ளை நினைவில் நிறுத்த வேண்டும். ‘கெ’ என்பதில் ஒலிக்கும்போது ககரம் முன்னும் எகரம் பின்னும் வருகின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே தெரிகிறது. ‘கொ’ என்பதில் ஓர் உயிரொலியின் அடையாளம் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒரே ககரம் ‘கடல்’ என்பதில் ஒருவிதமாகவும் ‘தங்கம்’ என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. ன, ண, ந என்றும், ல, ள, ழ என்றும், ர, ற என்றும் காதுக்கு நெருங்கிய எழுத்துகள் கண்ணுக்கு வேறாயிருக்கின்றன. எல்லாக் குழந்தைகளும் இவற்றில் சிறிதுகாலம் தடுமாறுவர். மற்றவர் கடந்துபோன பின்னும் அங்கேயே நின்றுவிடும் குழந்தையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்குச் செல்லுமுன்னரே சில அடையாளங்கள் தோன்றலாம். பேச்சுத் தாமதமாக வருதல். ‘குதிரை’யைக் ‘குரிதை’ என்று நெடுநாள் மாற்றிச் சொல்லுதல். எதுகையொலிக்கும் பாட்டுகளைப் பிடித்துக்கொள்ள இயலாமை. கிழமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல வராமை ஆகியன அவை.

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை அடையாளங்கள் தெளிவாகின்றன. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பான். முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பான். ‘கல்’லையும் ‘கால்’லையும் வேறுபடுத்த மாட்டாமல் திணறுவான். புள்ளிகளை விட்டுவிட்டுப் ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என எழுதுவான். படிக்கும்போது வரி தவறும். கரும்பலகையிலிருந்து மற்றவர் பத்து வரி எழுதி முடிக்கையில் இவன் மூன்றாம் வரியில் இருப்பான். வலம் இடம் குழம்பும்; கடிகாரம் பார்ப்பதும் வாய்பாடும் வசப்படா. இவற்றோடு, வாயால் கேட்டால் விடை நன்றாக வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சொல்லும் விடைக்கும் எழுதும் விடைக்கும் இடையேயுள்ள பெரும் இடைவெளியே முதன்மையான அடையாளம்.

பத்து வயதுக்கு மேல் அடையாளங்கள் மறைந்துகொள்கின்றன. ஏனெனில் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். வாசிக்க வேண்டிய வேளையில் தண்ணீர் குடிக்கப் போவான். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும். நோட்டுப் புத்தகம் காணாமற்போகும். சிலர் வகுப்பின் கோமாளியாகின்றனர். முட்டாள் என்ற பெயரைவிடக் குறும்பன் என்ற பெயர் மேலானது என்பது அவர்களது கணக்கு.

ஒன்றிரண்டு அடையாளங்களைக் கண்டதும் நாமே முடிவு கட்டிவிடலாகாது. பல அடையாளங்கள் ஒருங்கே, ஆறு மாதத்திற்கும் மேலாக, நல்ல கற்பித்தலுக்குப் பின்னும் நீடிக்குமாயின் அறிந்தோரை நாட வேண்டும்.

துள்ளும் பிள்ளையும் ஒதுங்கும் பிள்ளையும்

வேறு இரண்டு வகைக் குழந்தைகளையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

ஒருவன் ஓரிடத்தில் இரான். கேள்வி முடியுமுன் விடை கூவுவான். வரிசையில் காத்திருக்க இயலாது. பென்சிலும் டிபன் பெட்டியும் நாள்தோறும் தொலையும். இது கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த நிலை, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் குறிக்கின்றனர். 1902இலேயே இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியுள்ளார். சில குழந்தைகளிடம், சிறப்பாகப் பெண்பிள்ளைகளிடம், துள்ளல் இராது; கவனம் மட்டுமே சிதறும். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாய் அமர்ந்திருக்கும் அச்சிறுமியால் எவர்க்கும் தொல்லையில்லை. ஆதலின் அவளைப்பற்றி எவரும் கவலைப்படுவதுமில்லை.

மற்றொருவன் தன் உலகில் இருப்பவன். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பான். கண்ணோடு கண் நோக்கான். ஒரே விளையாட்டை ஒரே முறையில் ஆடுவான். பள்ளி மணியோசையும் காலைக் கூட்டத்தின் ஒலிபெருக்கியும் அவன் செவிக்குத் தாங்கொணாதவை. பாடவேளை முன்னறிவிப்பின்றி மாறினால் நிலைகுலைந்து அழுவான். “கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடு” என்றால் கண்ணை மூடித் திறந்து பார்ப்பான். சொல்லின் நேர்ப்பொருளே அவன் பொருள். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விளக்கினார். இதுவே ஆட்டிசம். தாயின் அன்புக் குறைவால் இது வருகிறது என்று ஒருகாலத்தில் சில அறிஞர்கள் எழுதியதுண்டு. அக்கருத்து தவறென்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்பதும் ஆதாரமற்ற கூற்று. ஆகவே இக்குழந்தையின் தாயை எவரும் குறைகூறற்க.

இத்தகைய எல்லாக் குழந்தைகளையும் ஒருங்கே குறிக்க ‘நரம்பியல் பன்மை’ என்னும் கருத்து 1990களில் தோன்றிப் பரவியது. மனித மூளைகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல என்பது அதன் சாரம். ஒரே குழந்தையிடம் இவற்றுள் இரண்டு சேர்ந்திருப்பதும் அரிதன்று.

முதலில் செய்ய வேண்டுவன

முதலாவதாகக் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், அடிக்கடி காதில் சீழ்வடிந்து கேள்வி மங்கிய பிள்ளையும் படிப்பில் பின்தங்குவது இயல்பே. இரத்தசோகை, தூக்கக்குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

இரண்டாவதாக மொழியைக் கவனியுங்கள். வீட்டில் ஒரு சொல்கூட ஆங்கிலம் பேசாத குடும்பத்துப் பிள்ளையை நான்கு வயதில் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ‘படிக்கவில்லை’ என்று வருந்துவது இன்று பரவலாக உள்ளது. அவன் எழுத்தில் தடுமாறுகிறானா, புரியாத மொழியில் தடுமாறுகிறானா என்று பிரித்தறிய வேண்டும். உண்மையான கற்றல் குறைபாடு தாய்மொழியிலும் தலைகாட்டும். ஆதலின் சோதனை தமிழிலும் நடைபெற வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவதாக எங்கே செல்வது? அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பெற்றுள்ளன. கற்றல் குறைபாடு, ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் மூன்றும் அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளவையே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களை அணுகலாம். சென்னையில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோர்க்கான மைய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ‘முப்பது நாளில் குணமாக்குவோம்’ என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழந்துவிடாதீர்கள். இவை குணமாக்கி ஒழிக்கும் நோய்கள் அல்ல. பயிற்சியாலும் துணையாலும் கடந்து வாழக்கூடிய நிலைகள். ஏ.டி.எச்.டி.க்கு மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் சொற்படியே நிகழட்டும்.

வகுப்பறையில் செய்யத் தக்கவை

“அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக என்ன செய்ய முடியும்?” என்று ஆசிரியர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பின்வருவனவற்றுக்குப் பணமோ தனி அறையோ தேவையில்லை.

பிள்ளையை முன்வரிசையில், சன்னலுக்கும் கதவுக்கும் விலகி அமர்த்துங்கள். முன்னறிவிப்பின்றி எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். நாளை படிக்க வேண்டிய பத்தியை இன்றே கொடுத்தனுப்பினால் ஆயத்தமாய் வருவான். கரும்பலகையில் உள்ளதையெல்லாம் எழுதவைக்காமல், அருகிலுள்ள பிள்ளையின் நோட்டைப் படியெடுத்துக் கொடுங்கள். ஒரே மூச்சில் நான்கு கட்டளை இடாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அறிவியலிலும் சமூகவியலிலும் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் கருத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். சில விடைகளை வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துள்ளும் பிள்ளையைச் சாக்கட்டி எடுத்துவரவும் நோட்டுகளைப் பகிர்ந்தளிக்கவும் அனுப்புங்கள். அசைந்து திரும்பிய பின் சற்று அமர்வான். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டுங்கள். மாற்றம் வருமாயின் முன்கூட்டியே தெரிவியுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தாதீர்கள்.

படிக்கக் கற்பிக்கும் முறையிலும் மாற்றம் தேவை. ஓர் எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் தடவி உணர்ந்து கற்கும்போது அது இப்பிள்ளைகளின் மனத்தில் பதிகிறது. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த இம்முறையே இன்று உலகெங்கும் கையாளப்படும் பயிற்சிகள் பலவற்றுக்கு அடிப்படை. இது நமக்கு அந்நியமானதா? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகினர். 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் ஒரு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரிலேயே பரவியது. ஒரு தட்டு மணலும், சற்று மூத்த ஒரு மாணவனின் துணையும் எந்தப் பள்ளிக்கு எட்டாதவை? நாள்தோறும் இருபது நிமிடம், ஒலியிலிருந்து எழுத்துக்கு, எழுத்திலிருந்து சொல்லுக்கு என்று படிப்படியாக, விடாமல் செய்வதே இதன் இரகசியம்.

நமது ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். செபங்களைப் பார்த்து வாசிக்க இயலாத பிள்ளை, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வான். அவனை வாசிக்கச் சொல்லி மற்றவர் சிரிக்க விடாதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுள் இல்லை. 2016இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21ஆக உயர்த்தி இவ்விரண்டையும் சேர்த்தது. குழந்தைகளின் கற்றல் குறைபாட்டை மிகத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பித்தல் முறைகளை மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளி செய்யும் உதவி சலுகையன்று, கடமை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். உடலால் தண்டிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்திருப்பதையும் நினைவில் கொள்க.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர்க்குத் தமிழக அரசு சில சலுகைகளை வழங்கிவருகிறது. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியன அவற்றுள் முக்கியமானவை. மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகின்றனர். தமிழக அரசுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புவரை எவரும் நிறுத்திவைக்கப்படுவதில்லை. ஆகவே குறை வெளித்தெரியாமல் பிள்ளை மேலே ஏறிக்கொண்டே செல்கிறான். ஒன்பதாம் வகுப்பில் சுவரில் மோதுகிறான். அப்போது ஓடி அலைந்து சான்றிதழ் பெற்றாலும், ஏழெட்டு ஆண்டுக் காலம் இழந்த பயிற்சியையும் தன்னம்பிக்கையையும் எந்த அலுவலகமும் திருப்பித் தருவதில்லை. 2018இல் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயது நிறைந்த பின்னரே கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வழங்கலாம் என்றது. வயது வரம்பு சான்றிதழுக்குத்தான், உதவிக்கு இல்லை. ஐயம் எழுந்த அன்றே உதவியைத் தொடங்கலாம்.

முத்திரையைப் பற்றிய அச்சம்

இவ்வளவும் அறிந்த பின்னும் சில பெற்றோர் பின்வாங்குகின்றனர். “சான்றிதழில் மாற்றுத்திறனாளி என்று எழுதிவிடுவார்களே, நாளை அவனுக்குப் பெண் கொடுப்பார்களா? அவன் தங்கைக்கு மாப்பிள்ளை வருமா?” என்பது அவர்களது கலக்கம். இக்கலக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது; அக்கம்பக்கத்தாரின் நாவுக்கு அஞ்சி வாழும் நம் குடும்பங்களில் அது மெய்யான பாரம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எந்த முத்திரையும் வேண்டாமென்று காத்துவைத்தாலும், குழந்தையின்மேல் ஏற்கெனவே முத்திரைகள் குத்தப்பட்டுவிட்டன. ‘சோம்பேறி’, ‘மக்கு’, ‘தண்டம்’ என்பன அவை. வகுப்பில் ஒருமுறையும் வீட்டில் ஒருமுறையுமாக நாள்தோறும் அவற்றைக் கேட்கிறான். மருத்துவர் தரும் பெயரோ, ‘உன் மூளை வேறுவிதமாகக் கற்கிறது; அதற்கு வழியிருக்கிறது’ என்று சொல்லும் பெயர். அதைக் கேட்ட பின்னர்தான் பல பிள்ளைகள், தாம் முட்டாள் அல்லர் என்பதை முதன்முறையாக அறிகின்றனர்.

2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம், எழுத்துகளோடு போராடும் எட்டு வயதுச் சிறுவனின் துயரத்தை இந்நாட்டின் பல்லாயிரம் குடும்பங்களுக்கு உணர்த்தியது. அதில் அவனிடம் ஓவியத் திறமை ஒளிந்திருந்தது. திரையில் அது அழகு. ஆனால் நம் பிள்ளையிடம் அத்தகைய அரிய திறமை ஏதும் இல்லாமற் போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் நம்மைப்போன்ற எளியவர்களே. ஓவியனாய் இருந்தால்தான் ஒரு குழந்தை இரக்கத்துக்கு உரியவன் என்பதில்லை. தன் பெயரைப் பிழையின்றி எழுதவும், பேருந்தின் பலகையைப் படிக்கவும், வகுப்பில் அச்சமின்றி அமரவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு.

இவ்வாரமே தொடங்கலாம்

பெற்றோரே! உங்கள் பிள்ளையைப்பற்றி இவற்றுள் பல பொருந்துவனவாகத் தோன்றினால், இன்றிரவு அவனை அருகில் அமர்த்தி, “படிக்கும்போது உனக்கு என்ன ஆகிறது?” என்று கேளுங்கள். கோபமின்றிக் கேட்டால் அவன் சொல்வான். எழுத்துகள் கலைகின்றன என்பான், தலை வலிக்கிறது என்பான், மற்றவர் சிரிக்கின்றனர் என்பான். அவன் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். குற்றஞ்சாட்டச் செல்லாமல் துணைதேடிச் செல்லுங்கள். பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டதை அவன் மறப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயாயின், அண்டை வீட்டு அக்காவோ அண்ணனோ வாசித்துக் காட்டட்டும். அண்ணனோடும் எதிர்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பள்ளிக்குப் பின் மூன்று மணி நேரம் ட்யூஷனில் அடைக்காமல் விளையாட விடுங்கள். பகல் முழுவதும் மற்றவரைவிட இருமடங்கு உழைத்துக் களைத்து வந்தவன் அவன்.

பள்ளிப் பொறுப்பாளர்களே! ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரையேனும் இத்துறையில் பயிற்சிக்கு அனுப்புங்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பின்தங்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அவர் தனியே அமர்த்தி வாசிக்கக் கேட்கட்டும். பங்கிலுள்ள குடும்பங்களும் ஒன்றுகூடலாம். இப்பாதையில் ஏற்கெனவே நடந்து மருத்துவமனையையும் அலுவலகத்தையும் அறிந்த ஒரு தாய், புதிதாய்க் கலங்கி நிற்கும் மற்றொரு தாய்க்குச் சொல்லும் வழி, நூறு சொற்பொழிவுகளினும் பயன்மிக்கது.

அடுத்த முறை ஒரு பிள்ளையைப்பற்றி ‘படிக்கமாட்டேன் என்கிறான்’ என்று எவரேனும் சொல்லக் கேட்டால், ‘அவன் அப்படிச் சொன்னானா, அல்லது நாம் அப்படிப் பொருள்கொண்டோமா?’ என்று ஒருமுறை கேட்போம். விடை தெரியும்வரை பிரம்பையும் வசையையும் ஒதுக்கி வைப்போமாக.